ஓம் என்றால் ஆமாம்

மன்னிக்கிற குணம் எனக்கு வாய்க்கவில்லை. ஓசூரில் எங்கள் கோயில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். “பகையை விட்டுடும்மா, மனசு லேசாயிடும்” என்பார். “விட்டுட்டா கையில வேற ஒண்ணுமே இல்ல ஃபாதர்” என்பேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். செபத்தைச் சொல்வேன். பகையை விடமாட்டேன்.

என் பகை ஒரே ஒரு ஆள்மேல்தான். தாலுகா ஆபீஸிலிருந்து எங்கள் முகாமுக்குத் தலை எண்ண வருகிறவர்.

கிருஷ்ணகிரிப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் அது. பத்தடிக்குப் பத்தடி அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ், வரிசைக்கு ஒரு குழாய். நான் வளர்ந்த இடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ‘செக்கிங்’ நடக்கும். முகாமில் குழந்தை முதல் கிழடு வரை எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அதுதான். புங்கமரத்தடியில் ஒரு மேசை போடுவார்கள், ஒரே ஒரு நாற்காலி போடுவார்கள். நாற்காலி அவருக்கு. நாங்கள் குடும்பம் குடும்பமாக வெயிலில் நிற்போம். அவர் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை குரல் வராவிட்டால் பெயர் எதிரே ‘தலைமறைவு’ என்று எழுதப்படும். காய்ச்சலில் கிடந்தவரும் போர்வையோடு வந்து நிற்பார். எண்ணப்படாவிட்டால் இல்லாமலே போய்விடுவோம் என்ற பயம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் முதல்முறையாக வந்தார். வேலைக்கு வந்த புதிது, மீசைகூடச் சரியாக முளைக்காத குமாஸ்தா. என் பெயரைக் கூப்பிட்டார். வீட்டில் சொல்கிறபடியே சொன்னேன்.

“ஓம்.”

எங்கள் மன்னார்ப் பேச்சில் ஓம் என்றால் ஆமாம். அவ்வளவுதான் அதற்குப் பொருள். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னாது? ஓமா? யாரு வூட்டுல யாகம்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “உன் பேருதானே இது?” என்றார். பயத்தில் மறுபடியும் “ஓம்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் உடன் வந்த தலையாரியும் சிரித்தார், குடிமைப் பொருள் ஆளும் சிரித்தார். எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது சிரிக்காமலிருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

“தமிழ்நாட்டு அரிசி துன்னுறல்ல? தமிழ்நாட்டுப் பேச்சு பேசு. ஆமாங்க ஐயான்னு சொல்லு.”

சொன்னேன். “இன்னொரு தபா.” சொன்னேன். “கடைசி வரிசைக்குக் கேக்கல.” கத்திச் சொன்னேன். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கடலில் தனியாக வள்ளம் ஓட்டிய ஆள். தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் தலையை ஆட்டி, அழகான தமிழ்நாட்டுத் தமிழில், “இருக்கேங்க ஐயா” என்றார். அப்பா ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எண்ணுகிறவரை விட அப்பாமேல்தான் அன்று எனக்கு ஆத்திரம் அதிகம்.

அதன்பிறகு அவர் எனக்குப் பெயர் வைத்துவிட்டார். ஓம வாட்டர். வயிற்று வலிக்குக் குடிக்கிற ஓம வாட்டர். “ஓம வாட்டரு வந்துட்டாளா?” என்றுதான் கூப்பிடுவார். வயசுக்கு வந்து பாவாடை தாவணியில் நின்றபோதும் ஓம வாட்டர். பன்னிரண்டாம் வகுப்பில் முகாமிலேயே முதலாவதாக வந்தேன். “பரவால்லியே, ஓம வாட்டரு நல்லா வேலை செய்யுது” என்றார். பாராட்டினதாக நினைப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் என் பையில் மெய்யாகவே ஒரு ஓம வாட்டர் பாட்டிலை வைத்துவிட்டான். அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் புரட்டும். உலகத்தில் ஓம வாட்டரால் வயிற்று வலி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பதினெட்டு வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். காருக்கு உள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னித் தருகிற கம்பெனி. முகாமைவிட்டு வெளியே தங்குவதற்கு ஒரு அனுமதிக் கடிதம், செக்கிங்குக்குத் திரும்பி வருவேன் என்று ஒரு உறுதிமொழி. இரண்டிலும் முத்திரை குத்தியது அவர்தான்.

ஓசூரில் நான் முதலில் கவனித்தது ‘ஆமாம்’ என்ற சொல்லைத்தான். என் லைனில் முப்பது பெண்கள். தளியிலிருந்து வருகிற கன்னடக்காரி “ஹௌது” என்பாள். பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி “அவுனு” என்பாள். தூத்துக்குடிக்காரி “ஆமாலா” என்பாள். ஒடிசாவிலிருந்து வந்த பெண் தலையை மட்டும் ஆட்டுவாள். சூப்பர்வைசர் எல்லாவற்றுக்கும் “ஓகே” என்பார். ஒரு லைனுக்குள் இத்தனை ஆமாம். யாரும் யாரையும் யாகமா என்று கேட்கவில்லை. என்னுடைய ஒன்றைத்தான் நான் வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். “எந்த ஊரு?” என்று கேட்டால் கிருஷ்ணகிரி என்பேன். பொய்யில்லை, பாதி உண்மை.

அந்தத் தளிக்காரி எனக்குச் சினேகிதியானாள். டிபன் பாக்ஸில் ராகி உருண்டை கொண்டுவருவாள். ஒருநாள் சூடான இணைப்புக் கம்பி விரலில் பட, “அக்கா, சுட்டுடுச்சா?” என்று ஓடிவந்தாள். வலியில் என் பூட்டு திறந்துவிட்டது. “ஓம்” என்றேன். “அப்படின்னா?” என்றாள். நான் முகாமைச் சொன்னேன், எண்ணுகிறவரைச் சொன்னேன், ஓம வாட்டரைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: “அந்தாளு இன்னும் இருக்கானா அக்கா?”

“இருக்கான்.”

“எங்க ராகிக் காட்டுக்கு வர்ற ஆனை மாதிரி இரு. கல்லால அடிச்சவன மறக்கவே மறக்காது அது. வருஷம் கழிச்சி வந்து அவன் காட்ட மட்டும் மிதிச்சிட்டுப் போவும்.”

எனக்குக் கிடைத்த ஆன்மிக ஆலோசனைகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். பாதிரியாரிடம் இதைச் சொல்லவில்லை.

பதினேழு வருடம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மாதம் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கை தூக்கிவிட்டு வந்தேன். வீடு மாறும்போதெல்லாம் வீட்டுக்காரர் ஆதாரைக் கேட்பார், பார்ப்பார், “முகாம்னு போட்டிருக்கே, சிலோனா?” என்பார், பிறகு அந்த வீட்டுக்கு யாரோ சொந்தக்காரர் வருவதாக ஆகிவிடும். இந்த ஊரில் வீட்டுக்காரர்களுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! அப்படி ஐந்து வீடு போனது. ஆறாவது வீடு தளிக்காரியின் பெயரில் எடுத்தது.

பிறகு கம்பெனியில் புது மெஷின் வந்தது. அதைப் பழக ஜப்பானுக்கு இரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார்கள். லைனில் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள், அப்படி வேலை செய்வேன். எச்.ஆர். பெண் பாஸ்போர்ட் கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, “இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே மேடம் நீங்க” என்றாள், ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதியை மறைத்த மாதிரி. அகதிக்குப் பாஸ்போர்ட் எப்படி வரும்? என் இடத்தில் எனக்கு அடுத்தவளை அனுப்பினார்கள். வயர் முனையில் பின்னை இறுக்குகிற கிரிம்பிங் வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் முகாமுக்கு ஒரு வக்கீலம்மா வந்தார். கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்காடுகிறவர், இலவசமாக ஆலோசனை சொல்ல வந்திருந்தார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் கேட்டார்: எப்போது பிறந்தாய், எங்கே பிறந்தாய்? முகாமில் கொடுத்த அட்டையைக் காட்டினேன். அட்டையில் பிறந்த இடம் மன்னார். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா சொன்னார்: “எண்பத்தேழு ஜூலை ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி இந்த நாட்டுல பொறந்திருந்தா நீ பொறப்பாலயே இந்தியப் பிரஜைம்மா. அப்பா அம்மா யாராயிருந்தாலும் சரி. நீ அங்க பொறந்துட்ட, என்ன பண்றது.”

எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். அம்மா செத்து அப்போது நாலு வருடம். வேடிக்கையாக ஒன்று சொல்வாள்: “படகுக்காரன் எங்களையெல்லாம் எண்ணி ஏத்தினவன், உன்னை மட்டும் எண்ணேல்லை. நீ என்ர வயித்துக்க இருந்தனி.” எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். வயிற்றுக்குள் இருந்து கடல் கடந்தவள் மன்னாரில் எப்படிப் பிறந்திருக்க முடியும்? முப்பத்தைந்து வயது வரை எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் முகாமுக்கே முதலாவதாம் நான்.

அன்றைக்கே அப்பாவிடம் கேட்டேன். அவர் குழாயடியில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார், துலக்குவதை நிறுத்தவில்லை.

“கரையில இறங்கின முகாமில இருந்து இஞ்சை மாத்தி விடேக்கை புது அட்டை எழுதினவங்கள். அப்ப நான்தான் மன்னார் எண்டு சொன்னனான். வயசையும் ஒண்டு கூட்டிச் சொன்னனான்.”

“ஏன்பா?”

“சனம் கதைச்சது பிள்ளை. சண்டை முடிஞ்சு கப்பல் விடேக்கை இஞ்சை பிறந்த பிள்ளையளை ஏத்த மாட்டாங்களாம் எண்டு. இந்தியாப் பிள்ளை எண்டு பிடிச்சு வைப்பாங்களாம். உன்னைக் கரையில விட்டுட்டு நாங்கள் எப்பிடி ஏறுறது?”

அந்த வதந்தியை நம்பி அப்படிச் சொன்னவர் அப்பா மட்டுமல்ல. பிறகு விசாரித்ததில் எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டில் அப்படி எழுதியிருந்தார்கள். கப்பல் வரும் என்று நம்பி, பிள்ளைகள் கையிலிருந்த நாட்டைத் தாங்களே பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டார்கள். கப்பலும் வந்தது, சிலர் ஏறியும் போனார்கள். எங்கள் ஊரில் எங்கள் காணியில் முகாம் போட்டு ராணுவம் இருந்ததால் அப்பா போகவில்லை. பொய் மட்டும் அட்டையில் தங்கிவிட்டது.

நான் அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சுவாமியிட்டைப் பொய் சொல்லேல்லை” என்றார்.

“எந்தச் சுவாமி?”

“உனக்கு ஞானஸ்நானம் குடுத்த சுவாமி. ராமேஸ்வரத்துக் கரையில. கோயில் புத்தகத்தில உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் எழுதினது. கோயிலுக்க நிண்டு பொய் சொல்லேலாது.”

அரசாங்கத்திடம் பொய் சொல்லலாம், சாமியாரிடம் சொல்லக்கூடாது. அப்பாவின் அந்த ஞாயம்தான் என்னைக் காப்பாற்றியது.

அப்பாவும் நானும் போனோம். சின்னக் கோயில், பக்கத்திலேயே அலுவலகம். இளவயதுப் பாதிரியார் ஒருவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். இருந்தது. நீல மசியில் என் பெயர், அம்மா பெயர், அப்பா பெயர். பிறந்த இடம் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி. பிறந்த நாள் எண்பத்தாறு ஜூன் பதின்மூன்று.

ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு அம்மா பாயாசம் வைப்பாள். முதல் கிண்ணம் எனக்குத்தான் தருவாள், தந்துவிட்டுத் தலையைத் தடவுவாள். பக்தி என்று நினைத்திருந்தேன். அட்டையில் இருக்கிற தேதியில் அவள் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. புருஷன் சொன்ன பொய்யைக் காட்டிக்கொடுக்காமல், பிள்ளையின் பிறந்தநாளையும் விட்டுக்கொடுக்காமல், ஒரு புனிதர் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து நடத்தியிருக்கிறாள். அந்த அலுவலகத்து மேசையில் தலையை வைத்து அழுதேன். பாதிரியார் தண்ணீர் கொடுத்தார்.

சரியான தேதி கிடைத்ததும் பிறப்புப் பதிவேட்டில் தேடுவது சுலபமாகிவிட்டது. ஆஸ்பத்திரியே அனுப்பிவைத்த பதிவு. பெயரில்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. தாய் தகப்பன் பெயர் சரி, விலாசம் அகதிகள் முகாம். வக்கீலம்மா அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். “ஒரு வருஷம் பதினெட்டு நாள் முந்திக்கிட்ட நீ” என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். அவர்கள் விசாரித்து அறிக்கை கேட்டார்கள். அறிக்கை எங்கே போகும்? தாலுகா ஆபீஸுக்குத்தான். அங்கே முகாம் விவகாரங்களைப் பார்ப்பது யார்? எண்ணுகிறவர். இப்போது மீசை நரைத்து, பதவி உயர்ந்து, தனி அறை, தனி மின்விசிறி. செக்கிங்குக்கு மட்டும் வேறு யாரையும் அனுப்பாமல் அவரே வருவார். பழகிய சுகம் விடுமா?

எட்டு மாதம் கோப்பு அவர் மேசையில் தூங்கியது. ஒன்பதாவது மாதம் கூப்பிட்டனுப்பினார். அப்பாவும் நானும் நின்றோம். அந்த அறையிலும் எங்களுக்கு நாற்காலி இல்லை.

“பதிவேட்டுல மன்னார்னு இருக்குது. ராமநாதபுரம்னு இப்ப காயிதம் கொண்டாந்திருக்க. எதும்மா பொய்யி?”

“பதிவேடுதாங்க பொய்.”

“அப்போ கவுருமெண்டுக்கு உங்கப்பன் பொய் சொல்லிக்கிறான்.” அப்பாவைப் பார்த்தார். “யோவ் பெருசு, பொய்த் தகவல் குடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? கேஸு. அப்புறம் இந்த முகாம் இல்ல, சிறப்பு முகாம். சுத்தி வேலி, வாசல்ல போலீசு. இந்த வயசுல அங்க போயி கெடப்பியா?” பிறகு என்னிடம் குரலை இறக்கினார். “பொண்ணு இந்தியாக்காரியாவணும்னா அப்பன் உள்ள போவணும். யோசிச்சிச் சொல்லு ஓம வாட்டரு.”

இருபத்தைந்து வருடமாயிற்று, நான் ஓசூருக்குப் போனபிறகு அவர் அப்படிக் கூப்பிட்டதும் இல்லை. அவருக்கு அந்தப் பெயர் ஞாபகமிருந்தது. எனக்கு மட்டும்தான் யானைப் புத்தி என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில், வேண்டாம், விட்டுவிடலாம் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். வேலிக்குள் அப்பாவை அனுப்பிவிட்டு எனக்கு எந்த நாடு வேண்டும்? இத்தனை வருடம் கை தூக்கியவள் இன்னும் கொஞ்ச வருடம் தூக்கினால் கை ஒடிந்தா போகும்?

அப்பா சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் பர்கூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.

“அண்டைக்கு அவன் உன்னை ஓம் சொல்லாதை எண்டு சொல்லேக்கை நான் பேசாமல் நிண்டனான்” என்றார். “நீ மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நானும் மறக்கேல்லை. பொய் சொன்னது நான். நானே சொல்லுறன்.”

வக்கீலம்மா ஆபீஸில் உட்கார்ந்து அப்பா வாக்குமூலம் கொடுத்தார். என்ன பயத்தில் சொன்னேன், யார் சொல்லிக் கேட்டேன், என் பெண்டாட்டி எந்த ஆஸ்பத்திரியில் பெற்றாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கையெழுத்துப் போட்டார். வழக்குப் போட்டோம். ஒன்றரை வருடம் வாய்தா வாய்தாவாக நடந்தது. தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மா போன் செய்தார்: “நீ பொறப்பால இந்தியப் பிரஜைன்னு ஆர்டர் ஆயிடுச்சு. அப்பாமேல நடவடிக்கை கூடாதுன்னு ஒரு வரியும் சேர்த்து வாங்கியிருக்கேன். முகாம் பதிவேட்டுலேருந்து உன் பேரை நீக்கச் சொல்லி உத்தரவு. போயி நீயே நேர்ல நீக்கிட்டு வா.”

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் முதலில் வரவில்லை. முதலில் வந்தது அந்தப் புங்கமரத்தடி மேசைதான். நேரில் போய் நீக்க வேண்டும், அவர் கையால் நீக்க வேண்டும். இதைவிட நல்ல விருந்தை எனக்கு யாரும் வைத்ததில்லை.

பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை காத்திருந்தேன். ஜப்பான் போனவள் திரும்பிவந்து புது மெஷினுக்குப் பொறுப்பாளராகியிருந்தாள். போகட்டும். செக்கிங் சனிக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். தளிக்காரியும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். “இத பாக்கலன்னா எனக்கு ராகி செரிக்காது” என்றாள்.

முகாமின் பெயர்ப் பலகையில் ‘அகதிகள்’ என்பதை அழித்து ‘மறுவாழ்வு’ என்று சில வருடம் முன்பே எழுதிவிட்டார்கள். பலகை மாறியது, எண்ணுவது மாறவில்லை. அதே மரம், அதே மேசை, ஒரே நாற்காலி. வரிசையில் அப்பா பக்கத்தில் நின்றேன். எங்கள் முறை வந்தது. உத்தரவை மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். ஏற்கெனவே படித்ததுதான், மறுபடியும் மெதுவாகப் படித்தார். பதிவேட்டைத் திருப்பி என் பெயர்மேல் கோடு போட்டார். கடைசிக் கட்டம் ‘நீக்கக் காரணம்’. அதற்கு மேலே இருந்த காரணங்களைத் தலைகீழாகப் படித்தேன்: இறப்பு. தாயகம் திரும்பினார். தலைமறைவு. இறப்பு. இறப்பு.

அவர் ‘வெளியேறினார்’ என்று எழுதப் போனார்.

“நான் எங்கயும் வெளியேறலைங்க. உத்தரவுல இருக்கறத எழுதுங்க.”

பேனா நின்றது. உத்தரவைத் திரும்பப் பார்த்தார். எழுதினார். குனிந்து படித்தேன். “இந்தியக் குடிமகன்னு எழுதியிருக்கீங்க. நான் குடிக்கறதில்லைங்க. மகள்னு மாத்துங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவரைப் பார்த்துக்கொண்டு யாரும் சிரிக்கவில்லை, தாங்களாகவே சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. அடித்துவிட்டு எழுதினார்: இந்தியக் குடிமகள், பிறப்பால். அந்தக் கையெழுத்தை நான் ரசித்து ரசித்துப் பார்த்தேன். நல்ல உருண்டையான எழுத்து.

“உன் சம்மதத்தோடதான நீக்குறது?” முறைக்காகக் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. தலையைத் தூக்காமல் கேட்டார்.

“ஓம்.”

தூக்கினார். நான் அவர் கண்ணைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்: “ஓம்.” மூன்றாவது தடவையும் சொன்னேன். பத்து வயதில் மூன்று தடவை சொல்ல வைத்தார், வட்டியில்லாமல் அதே மூன்றைத்தான் திருப்பிக் கொடுத்தேன். அவர் பதிவேட்டில் சுருக்குக் கையெழுத்துப் போட்டார். யாகம், ஓம வாட்டர் எதுவும் வரவில்லை.

பழி தீர்த்த இன்பம் என்கிறார்களே, பொய்யில்லை, தொண்டையிலிருந்து வயிறு வரை அப்படி இனித்தது. அது ஒரு நிமிடம் இருந்தது. ஏனென்றால் பதிவேட்டில் எனக்கு அடுத்து இருந்தது அப்பாவின் பெயர். அவர் அதைக் கூப்பிட்டார்.

அப்பா கையைத் தூக்கினார். மகள் குடிமகள் ஆனால் தகப்பன் குடிமகன் ஆகிவிடுவதில்லை. சட்டம் கீழ்நோக்கித்தான் பாயும், மேல்நோக்கி ஏறாது என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். கேட்டிருந்தேன், ஆனால் அந்தத் தூக்கின கையைப் பார்க்கும்வரை அது எனக்கு உறைக்கவில்லை. என்னைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேற முடியாது என்று பொய் சொன்ன ஆள். நான் ஏறிவிட்டேன். அவர் எழுபத்துமூன்று வயதில், வெயிலில், கரையில் நிற்கிறார்.

“ஓம்” என்றார் அப்பா.

அந்த மரத்தடியில் அவர் வாயிலிருந்து முதல்முறையாக. எண்ணுகிறவர் டிக் போட்டார். எங்கள் குடும்பத்துக்கு நேராக ‘2’ என்பதை அடித்து ‘1’ என்று எழுதினார்.

நான் முகாம் வாசலில் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மேசைக்கு நேர் எதிரே போட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“இங்க யாரும் உக்காரக்கூடாதும்மா” என்றார் எண்ணுகிறவர்.

“எந்த ஜி.ஓ.வில இருக்கு? நம்பர் சொல்லுங்க, கோர்ட்டுல கேக்கறேன். இப்ப நான் கேக்கலாம்.”

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை பக்கத்து வரிசைக் கிழவருக்கும் ஒரு நாற்காலி கொண்டுபோனேன். இப்போது ஒன்பது நாற்காலிகள் ஆகிவிட்டன. தளிக்காரி வாங்கிக்கொடுத்தவை நான்கு. மன்னார் என்று எழுதிய மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளையும் தேட ஆரம்பித்துவிட்டோம்.

எண்ணப்பட வேண்டிய அவசியமில்லாத நான் மாதம் இரண்டு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போகிறேன். அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். எண்ணுகிறவரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அவ்வளவுதான். பதிவேட்டில் எங்கள் பக்கத்துக்கு வரும்போது அவர் பேனா தடுமாறும், பெயரைத் தப்பாகப் படிப்பார், திருத்துவார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறதாம். எனக்கு அவசரமில்லை.

தன் பெயர் வரும்போது அப்பா எழுந்திருப்பதில்லை, கையும் தூக்குவதில்லை. உட்கார்ந்தபடி சொல்கிறார்.